கொண்டதை மறவாமை: ‘மைண்ட்ஃபுல்னஸ்’ கடந்து வந்த பாதை

பாலி மொழியில் ‘ஸதி’ என்ற சொல்லின் முதற்பொருள் நினைவு. வடமொழி ‘ஸ்மிருதி’யின் உடன்பிறப்பு அது. (வடவெழுத்தை விலக்கிச் ‘சதி’ என்று எழுதினால் தமிழில் சூழ்ச்சி என்றாகிவிடும்; எனவே இங்கு ‘ஸதி’ என்றே இருக்கட்டும்.) மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஐ.டி. நிறுவனம், கைப்பேசிச் செயலி என இன்று எங்கும் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்ற பெயரில் வழங்கும் பயிற்சியின் வேர் இச்சொல்தான். ஆனால் அந்தப் பயிற்சியைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவதோ நினைவுக்கு நேர் எதிரானது: கடந்ததை விடு, வருவதை எண்ணாதே, இந்தக் கணத்தில் இரு. நினைவைக் குறித்த ஒரு சொல் நிகழ்கணத்தின் பெயராக மாறியது இரண்டாயிரம் ஆண்டுகளில் மெல்ல மெல்ல அல்ல. அந்த மாற்றத்தின் பெரும்பகுதி கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நடந்தது.

பௌத்தச் சூத்திரங்கள் ஸதி உள்ளவனை விளக்கும்போது, நெடுநாளுக்கு முன் செய்ததையும் சொன்னதையும் நினைவுக்குக் கொண்டுவர வல்லவன் என்கின்றன. அதே நூல்கள் அவனை மூச்சைக் கவனிப்பவனாகவும் காட்டுகின்றன. இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும் என்பதற்கு இரு உவமைகள் உதவும். ஒன்று, எல்லைப்புறக் கோட்டையின் வாயிற்காவலன். தெரிந்தவரை உள்ளே விடுகிறான், தெரியாதவரைத் தடுக்கிறான். ஸதி அந்தக் காவலன். யாரை விடலாம் என்பது அவன் நினைவில் இல்லாவிட்டால் காவலுக்குப் பொருளே இல்லை. மற்றொன்று எண்ணெய்க் கிண்ணம். நாட்டின் பேரழகி ஆடிப் பாடுகிறாள், கூட்டம் நெரிகிறது. விளிம்புவரை எண்ணெய் நிறைந்த கிண்ணத்தை ஏந்தி ஒருவன் அதனூடே நடக்க வேண்டும். ஒரு சொட்டுச் சிந்தினாலும் தலையை வெட்ட, உருவிய வாளோடு ஒருவன் பின்னால் வருகிறான். இந்த உவமையில் அமைதிக்கும் இன்பத்துக்கும் இடமில்லை. ஏந்தியிருப்பது என்ன என்பதை ஒரு நொடியும் மறவாமைதான் அதில் உள்ளது.

புத்தர் உரைகளின் தொகுதிகளுள் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் பத்தாம் சூத்திரமான ஸதிபட்டான சூத்திரம் இந்த மறவாமையை உடல், உணர்ச்சி, மனம், மன நிகழ்வுகள் என நான்கு களங்களில் வைக்கிறது. தியானம் என்றால் கண்ணை மூடி அமர்தல் என்று எண்ணுவோர் அதன் உடற்பகுதியைப் படித்தால் வியப்படைவர். முன்னே செல்லல், பின்னே திரும்பல், கையை நீட்டல், மடக்கல், ஆடை உடுத்தல், உண்ணல், மெல்லல், மலசலம் கழித்தல், பேசல், பேசாதிருத்தல் எல்லாமே அங்கே பட்டியலில் உண்டு. ஸதியோடு அங்கே இணைந்து வரும் இன்னொரு சொல் ‘சம்பஜஞ்ஞ’. செய்வதைத் தெரிந்து செய்தல் என்று பொருள். எதற்காகச் செய்கிறோம், இப்போது செய்வது தகுமா என்ற தெளிவும் அதில் அடக்கம் என்பது உரைகாரர் கொள்கை.

மனநிறைவுக்கும் இதே முறையில் ஓர் அன்றாடப் பயிற்சி இருந்தது. துறவிக்குரியவை நான்கே: உடை, உணவு, உறைவிடம், மருந்து. அவற்றைப் பயன்படுத்தும்போது அவை எதற்கு என்று எண்ணிப் பார்ப்பது விதி. துணி குளிருக்கும் வெயிலுக்கும் கொசுக்கடிக்கும் காப்பு, உடலை மறைக்கவும் அதுவே, அழகுக்காக அன்று. உணவு உடல் நிற்பதற்கு. விளையாட்டுக்கும் செருக்குக்கும் அன்று. ‘சந்துட்டி’ எனப்படும் நிறைவு இங்கே ஒரு மனநிலையாகத் தானாக வந்து கவிவதில்லை. ஒவ்வொரு கவளத்திலும் ‘இது எதற்கு’ என்ற கேள்வியை மறவாமல் கேட்பதன் விளைவு அது. நிறைவை உணர்ச்சியாகத் தேடுவோர் கைக்கு அது சிக்காமல் போவதற்கும், கணக்காகப் பார்ப்போர்க்குச் சிக்குவதற்கும் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

தமிழில் பௌத்தம் பற்றி எழுதியோர் எண்வழிப் பாதையின் ஏழாவது உறுப்பாக வரும் ஸதியை ‘நற்கடைப்பிடி’ என்று பெயர்த்தனர். இன்று கடைப்பிடித்தல் என்றால் விதிகளைப் பின்பற்றுதல் என்றே காதில் விழுகிறது. சாலைவிதி, விரதம், ஊரடங்கு எல்லாம் கடைப்பிடிக்கப்படுகின்றன. பழைய வழக்கில் அதன் பொருள் வேறு. இறையனார் அகப்பொருளின் உரை, தலைமகனுக்குரிய குணங்களாக அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என நான்கைச் சொல்லி, கடைப்பிடி என்பதை மனத்தில் கொண்ட பொருளை மறவாதிருத்தல் என்று விளக்குகிறது. ஸதி என்ற சொல்லின் இரு பக்கங்களையும், அதாவது நினைவையும் விடாப்பிடியையும், ஒன்றாகப் பிடித்த சொல் இதைவிட வேறு மொழியில் கிடைப்பது அரிது. ‘மனமுழுமை’, ‘விழிப்புணர்வு’, ‘நினைவாற்றல்’ என்றெல்லாம் இன்றைய மொழிபெயர்ப்பாளர் அலையும்போது பெட்டிக்குள் கிடந்த நாணயம் ஒன்று செல்லாக்காசாகிவிட்டது.

திருக்குறளின் 54ஆம் அதிகாரமான பொச்சாவாமையும் இதே நிலத்தைச் சேர்ந்தது. பொச்சாப்பு என்றால் மறதி. ஆனால் வயதானோர்க்கு வரும் மறதி அன்று. மகிழ்ச்சியின் மிகுதியில் செய்ய வேண்டியதை நழுவவிடும் மறதி. வள்ளுவர் அதை அறத்துப்பாலில் துறவிக்குச் சொல்லவில்லை, பொருட்பாலில் ஆள்பவனுக்குச் சொல்கிறார். பௌத்த நூலான தம்மபதத்தின் இரண்டாம் பிரிவான ‘அப்பமாத வர்க்க’மும் சோர்வின்மையையே பேசுகிறது. துன்பம்தான் மனத்தைச் சிதறடிக்கிறது என்பது இன்றைய பொது நம்பிக்கை. வள்ளுவர் அஞ்சுவது இன்பம் தரும் சிதறலுக்கு. உள்ளங்கையில் ஒளிரும் திரையை வைத்திருக்கும் காலத்துக்கு எது கூடுதலாகப் பொருந்தும் என்பது விளக்கம் வேண்டாதது.

ஆங்கிலத்தில் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்ற சொல்லை ஸதிக்கு நிலைநிறுத்தியவர் தாமஸ் வில்லியம் ரைஸ் டேவிட்ஸ். இலங்கையில் பிரிட்டிஷ் குடிமைப் பணியில் இருந்தவர், காலியில் நீதிபதியாகப் பணியாற்றிய காலத்தில் பாலி கற்றவர். 1881இல் வெளிவந்த பௌத்தச் சூத்திரங்களின் மொழிபெயர்ப்பில் இச்சொல்லை ஆண்டார்; பாலி நூற்கழகத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அவர் காலத்து ஆங்கிலக் காதுக்கு அச்சொல்லில் நினைவின் ஒலி இருந்தது. ஆங்கில விவிலியத்தின் எட்டாம் சங்கீதத்தில், கடவுள் மனிதனை நினைவில் வைத்திருப்பதை அதன் அடிச்சொல்தான் குறிக்கிறது. தமிழ் விவிலியத்தில் அவ்விடத்தில் ‘நினைத்தல்’ என்ற வினை நிற்கிறது. ஆக, மொழிபெயர்ப்பில் பிழையில்லை. சொல் பிறகுதான் நகர்ந்தது.

நகர்வின் முதற்கட்டம் பர்மா. 1885இல் பிரிட்டிஷ் படை மாந்தலேயைப் பிடித்து, திபா மன்னரை இரத்தினகிரிக்கு நாடுகடத்தியது. மடங்களுக்கு இருந்த அரச புரவல் அற்றுப்போனது. புத்த சாசனம் அழிந்துவிடும் என்ற அச்சம் பரவியபோது, லேடி சயாடோ (1846–1923) என்ற துறவி, அதைக் காக்கும் பொறுப்பை இல்லறத்தாரிடம் கொடுத்தார். பௌத்த மெய்யியல் தொகுதியான அபிதம்மத்தை எளிய நடையில் எழுதினார். தியானத்தைச் சந்தை வணிகரும் குடியானவரும் செய்யலாம் என்றார். அதற்கு முன் துறவிகளிலும் பெரும்பாலோர் தியானம் செய்தவர்கள் அல்லர். ஓதுவதும் கற்பதும் விதி பேணுவதுமே மடத்து வாழ்க்கை. பல்லாயிரம் ஆண்டுப் பழமை என்று இன்று விளம்பரம் செய்யப்படும் ‘எல்லாருக்கும் தியானம்’ என்ற எண்ணம், உண்மையில் காலனியத்துக்கு எதிரான தற்காப்பாகப் பிறந்தது.

இந்த இயக்கத்தின் இரு கிளைகள் உலகெங்கும் பரவின. பிரதமர் ஊ நூ காலத்தில், 1949 முதல் ரங்கூனில் கற்பித்த மகாசி சயாடோ, வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து, நிகழ்வதை மனத்துக்குள் பெயரிட்டுக் குறிக்கும் முறையைப் பரப்பினார். இரண்டாவது கிளை ஊ பா கின்னுடையது. இவர் துறவியே அல்லர். விடுதலை பெற்ற பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் கற்பித்தார். அவரிடம் 1955இல் ஒற்றைத் தலைவலியோடு வந்தவர் மாந்தலேயில் பிறந்த இந்திய வணிகர் சத்ய நாராயண் கோயங்கா. மருந்தாகப் போட்ட மார்ஃபின் பழக்கமாகிவிடுமோ என்ற கவலையில் இருந்தவரை, தலைவலிக்காக வருவதானால் வர வேண்டாம் என்று ஊ பா கின் முதலில் திருப்பியனுப்பிய செய்தியைக் கோயங்காவே பலமுறை சொல்லியிருக்கிறார். நோய் தீர்ப்பது இதன் நோக்கமன்று. தீர்ந்தால் அது உடன்விளைவு. அமெரிக்காவில் பின்னர் நடந்ததை எண்ணும்போது இந்த மறுப்பு கவனத்துக்குரியது.

கோயங்கா 1969இல் இந்தியாவுக்கு வந்து பத்துநாள் முகாம்களைத் தொடங்கினார். 1976இல் நாசிக் மாவட்டம் இகத்புரியில் மையம் எழுந்தது; சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்திலும் அதன் கிளை இயங்குகிறது. கட்டணம் கிடையாது. விடியல் நான்கு மணிக்கு மணி அடிக்கும், பேச்சு கூடாது, நூலும் கைப்பேசியும் வெளியே. தொடங்குமுன் கொல்லாமை, கள்ளாமை, பொய்யாமை உள்ளிட்ட ஐந்து ஒழுக்கங்களை ஏற்றாக வேண்டும். வாயிற்காவலனுக்கு இங்கே இன்னும் வேலை இருக்கிறது.

வியட்நாமின் திக் நியத் ஹான் (1926–2022) வேறு வழியில் வந்தவர். பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவு, ஆரஞ்சைச் சுளைசுளையாக உண் என்ற அவர் அறிவுரைகள் இன்று சமையலறைச் சுவரொட்டிகள் ஆகிவிட்டன. அவை முதலில் யாருக்கு எழுதப்பட்டன என்பதைச் சுவரொட்டி சொல்வதில்லை. போர் நடந்துகொண்டிருந்த வியட்நாமில், குண்டுவீச்சில் சிதைந்த ஊர்களை மீட்டுக் கட்டிய இளைஞர் சமூகப் பணிப் பள்ளியின் தொண்டர்களுக்கு, பாரிஸில் நாடு திரும்ப முடியாதிருந்த அவர் எழுதிய நீண்ட கடிதமே பின்னர் நூலானது. தோழர்கள் கொல்லப்படுவதைப் பார்த்தும் வெறுப்பில் விழாமல், சோர்ந்து விலகாமல் பணி செய்ய வேண்டிய இளைஞர்களுக்கான கைமருந்து அது. ஓய்வுநேரத்து இனிமைக்காகச் சொன்னதன்று.

மருத்துவத்துக்குள் இது நுழைந்த இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வுஸ்டர் நகர். மூலக்கூறு உயிரியலில் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஜான் கபட்-ஜின், 1979இல் அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையின் அடித்தளத்தில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். மருத்துவர்கள் இனிச் செய்வதற்கில்லை என்று கைவிட்ட தீராவலி நோயாளிகளை அங்கே அனுப்பினார்கள். எட்டு வாரம், வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம் கூடல், வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரப் பயிற்சி. முதல் வகுப்பில் ஓர் உலர்ந்த திராட்சை கொடுக்கப்படும். அதைப் பார்த்து, உருட்டி, முகர்ந்து, பல நிமிடம் கழித்தே கடிக்க வேண்டும். மறுபிறப்பு, நிர்வாணம், ஐந்து ஒழுக்கம் எதுவும் அங்கே பேசப்படவில்லை. பேசியிருந்தால் மருத்துவமனைக் கதவு திறந்திருக்காது. மைண்ட்ஃபுல்னஸுக்கு அவர் தந்த விளக்கத்தில் மூன்று கூறுகள் நின்றன: வேண்டுமென்றே கவனித்தல், நிகழ்கணத்தில் கவனித்தல், நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் கவனித்தல். மூன்றாவது கூறோடு வாயிற்காவலன் வேலையிழந்தான்.

கிடைத்ததும் சிறிதன்று. பண்டம் எளிமையானதால் அளக்க முடிந்தது. 1982இல் கபட்-ஜின் வெளியிட்ட ஆய்வில் 51 நோயாளிகள். அவர்களில் 65 விழுக்காட்டினருக்கு வலி மதிப்பீடு மூன்றில் ஒரு பங்கேனும் குறைந்தது. ஒப்பிடுவதற்கு முறையாகப் பிரித்த எதிர்க்குழு இல்லை என்பதால் அது தொடக்கம் மட்டுமே. வலிமையான சான்று மனச்சோர்வு நோயில் கிடைத்தது. ஜான் டீஸ்டேல், ஜிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ் ஆகியோர் இப்பயிற்சியை அறிதல்சார் சிகிச்சையோடு இணைத்து, 2000இல் 145 பேரிடம் நடத்திய சோதனையை வெளியிட்டனர். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வில் விழுந்து எழுந்தவர்களில், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினர் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள் மீண்டும் விழுந்தனர். பயிற்சி பெற்றோரில் 37 விழுக்காட்டினர். இரண்டு முறை மட்டுமே விழுந்தவர்களுக்கோ பயன் எதுவும் தெரியவில்லை. ஒரு சிறு துயரம் பழைய துயரங்களின் எண்ணச் சுழலைக் கிளப்பிவிடும் பழக்கம் ஊறியவர்களுக்கே, சுழல் தொடங்குவதைக் கண்டுகொள்ளும் பயிற்சி உதவுகிறது என்பது ஆய்வாளர் விளக்கம். 2015இல் லான்செட் இதழில் வந்த, 424 பேர் பங்கேற்ற ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் பயிற்சி பெற்றோரில் 44 விழுக்காட்டினரும் தொடர்ந்து மருந்து உண்டோரில் 47 விழுக்காட்டினரும் மீண்டும் நோயுற்றனர். மருந்தைவிட மேல் என்று நிறுவ முடியவில்லை. மருந்தைத் தொடர விரும்பாதோர்க்கு ஒரு வழி என்று சொல்ல முடிந்தது.

இந்த எல்லையைத் தாண்டியதும் சான்று மெலிகிறது. 2014இல் மாதவ் கோயல் தலைமையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 47 சோதனைகளை, 3,515 பங்கேற்பாளர்களை, ஒன்றுதிரட்டிப் பார்த்தனர். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் சிறிய முதல் நடுத்தர அளவிலான பயன் தெரிந்தது. உறக்கம், கவனம், உடல் எடை போன்றவற்றில் சொல்லிக்கொள்ளும்படியான சான்றில்லை. உடற்பயிற்சி போன்ற பிற முறைகளைவிட இது மேலென்று காட்டவும் எதுவும் கிடைக்கவில்லை. நோயில்லாதவர்க்கு முன்கூட்டியே கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு பிரிட்டனில் நடந்த ‘மிரியட்’ என்ற பெரும் ஆய்வு 2022இல் விடை தந்தது. 80க்கும் மேற்பட்ட பள்ளிகள், 11 முதல் 14 வயதுக்குட்பட்ட 8,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆசிரியர்கள் பயிற்சி பெற்று வகுப்பெடுத்தனர். வழக்கமான பாடத்தைவிட மனநலத்தில் எந்த முன்னேற்றமும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. கேட்காத பிள்ளைக்கு ஊட்டிய கஷாயத்தின் கதி. சிலருக்குத் தியானம் பதற்றத்தைக் கூட்டுகிறது, புதைந்த அதிர்ச்சிகளைக் கிளறுகிறது என்பதும் இப்போது ஆய்வேடுகளில் பதிவாகியிருக்கிறது. பழைய மடங்களுக்கு இது புதுச்செய்தியன்று, ஆசான் உடனிருக்க வேண்டும் என்றதே அதனால்தான்.

அலைபாயும் மனம் எவ்வளவு பரவலானது என்பதற்கு 2010இல் ஹார்வர்டின் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் அளவு தந்தனர். 2,250 பேரின் ஐபோனுக்கு நாளின் எந்த நேரத்திலும் கேள்வி வரும்: என்ன செய்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா. 46.9 விழுக்காட்டு முறை மனம் வேறெங்கோ இருந்தது. இனிய நினைவில் திளைத்தபோதுகூட, செய்வதில் மனம் இருந்தவர்களைவிட அவர்கள் கூடுதல் மகிழ்ச்சியுடன் இல்லை. இந்த எண் மேடைதோறும் முழங்கப்பட்டது. அதற்கு எட்டு ஆண்டுக்கு முன் உளவியலாளர் வெண்டி வுட் குழுவினர் கண்டது அவ்வளவு பேசப்படவில்லை: நாட்குறிப்பு எழுதிய மாணவர்களின் செயல்களில் ஏறத்தாழ 43 விழுக்காடு, நாள்தோறும் செய்து பழகியவை, வேறு எதையோ எண்ணிக்கொண்டே செய்தவை. மனம் அலைவது குறையென்றால், கை தானாக வேலை செய்வது வசதி. இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு முகங்கள். எல்லாச் செயலையும் முழுக் கவனத்தோடு செய்ய முயல்பவர் பல் துலக்கி முடிப்பதற்குள் பேருந்து போய்விடும். எதை மறவாமல் இருப்பது என்று தேர்வதே நடைமுறைக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தியான ஆய்வில் இல்லாமல், நினைவு ஆய்வில் வந்தது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கால்விட்ஸர், நல்லெண்ணம் செயலாகாமல் போவது பெரும்பாலும் மனவலிமைக் குறைவால் அன்று, உரிய நேரத்தில் நினைவுக்கு வராததால் என்ற நோக்கில் 1990களில் சோதனைகள் நடத்தினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் நடந்ததை இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்கப்பட்டது. வெறுமனே ஒப்புக்கொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தாம் அனுப்பினர். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கினர் அனுப்பினர். ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்’ என்ற வடிவில் எண்ணத்தை ஒரு சூழலோடு முடிச்சுப் போட்டால், அந்தச் சூழலே நினைவூட்டுகிறது. இவ்வகைச் சோதனைகள் 94ஐ 2006இல் தொகுத்துப் பார்த்தபோதும் நடுத்தரத்துக்குக் குறையாத விளைவு தெரிந்தது. புடவைத் தலைப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்ட பாட்டிமாருக்கு இந்த உத்தி தெரிந்ததே.

முடிச்சுப் போட்டது பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்பதை லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் அளந்து 2010இல் வெளியிட்டனர். இடைநிலை அளவு 66 நாள். ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. உணவுக்குப் பின் ஒரு குவளை தண்ணீர் குடிப்பது விரைவில் படிந்தது. உடற்பயிற்சிக்கு நெடுநாள் பிடித்தது. நடுவே ஒரு நாள் தவறியது கணக்கைப் பெரிதாகக் கெடுக்கவில்லை.

தெற்குப் பிரான்சில் 1982இல் திக் நியத் ஹான் நிறுவிய பிளம் வில்லேஜ் மடத்தில் இத்தகைய முடிச்சுகள் கட்டடமெங்கும் மாட்டப்பட்டிருக்கின்றன. உணவுக்கூடத்துக் கடிகாரம் கால்மணிக்கு ஒருமுறை ஒலிக்கும். கரண்டியைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தி மூச்சைக் கவனித்துவிட்டுத் தொடர்வார். தொலைபேசி ஒலித்தாலும் அருகில் நிற்பவர் பாய்ந்து எடுப்பதில்லை. ஒலி ஓய்ந்து ஓய்ந்து வர, மூச்சு சீரான பின்பே கை நீளும்.